தட்டுச் சத்தம்

தில்லிக் குரங்குகளுக்குக் கூழ் வத்தல் என்றால் உயிர். எண்பதுகளின் கடைசியில் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஏப்ரலில் வெயில் ஏறியதும் எங்கள் அத்தை விடியற்காலையில் எழுந்து கூழ் கிளறுவாள். மொட்டை மாடியில் மாமாவின் பழைய வேட்டியை விரித்து, வரிசை வரிசையாக ஊற்றிவிட்டு வருவாள். காவல் பிள்ளைகளின் பொறுப்பு. ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முதல் நாள் குரங்கு இறங்கியதும் கை வலிக்கத் தட்டினேன். அது பயந்து ஓடும் என்று நம்பினேன். ஓடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வத்தலைத் தின்ன ஆரம்பித்தது. அழுதுகொண்டே கீழே போனேன். திருநெல்வேலிக்காரியான அத்தை சிரித்தாள். "ஏட்டி, நம்ம வத்தல் போனது போச்சு. தட்டுறது நமக்கில்ல, பக்கத்து மாடிக்கு." உண்மைதான். எங்கள் சத்தம் கேட்டதும் அடுத்த பிளாக்கில் மலையாளி ஆன்ட்டி கொப்பரையை உள்ளே எடுத்துவிட்டார். அதற்கடுத்த பிளாக்கில் ஊறுகாய்க்குக் காயப்போட்ட மாங்காய் காணாமல் போனது. அங்கிருந்தும் ஒரு தட்டுச் சத்தம். ஐந்து நிமிடத்தில் அந்த வரிசை முழுக்கக் கதவடைத்துவிட்டது.

இன்று நான் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் இன்டர்ஃபெரானுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வாக்கியம். வைரஸ் தொற்றிய செல்கள் அந்தப் புரதத்தைச் சுரக்கின்றன, அது தொற்றாத செல்களைக் காக்கிறது என்பதோடு முடிந்துவிடும். ஒரு மதிப்பெண் கேள்வி. ஒவ்வொரு வருடமும் அந்த வாக்கியம் வரும்போது அத்தையின் வேட்டியும் குரங்கின் சம்மணமும் நினைவுக்கு வந்து, பாடம் அரைமணி நேரம் நீண்டுவிடும். பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இன்டர்ஃபெரான் வைரஸைக் கொல்வதில்லை. முதலில் புரிய வேண்டியது இது. அது வைரஸைத் தொடுவதுகூட இல்லை. மாட்டிக்கொண்ட செல், பெரும்பாலும் தான் தப்பமாட்டாத நிலையில், அக்கம்பக்கத்துக்கு எழுப்பும் சத்தம் அது.

இதைக் கண்டுபிடித்த கதையும் இப்படித்தான். 1957 இல் லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர், சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃபுளுயன்சா வைரஸைக் கோழி முட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளோடு ஊற வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்து, புதிய சவ்வின் மேல் விட்டார்கள். உயிருள்ள வைரஸைக் கொண்டுவந்து விட்டபோது புதிய சவ்வில் அது சரியாக வளரவில்லை. முதல் சவ்வு திரவத்துக்குள் எதையோ சொல்லி அனுப்பியிருந்தது. வைரஸின் வேலையில் குறுக்கிடுகிறது என்ற பொருளில் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். குறுக்கிடுவது பக்கத்து வீடுதான், சத்தம் அல்ல. ஆகவே அந்தப் பெயரில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. அமெரிக்காவில் சிலர் இதை நம்பாமல் 'மிஸ்-இன்டர்ப்ரெட்டான்' என்று கேலி செய்தார்களாம், தப்பாகப் புரிந்துகொண்ட பொருள் என்று. மூன்று வருடம் முன்னதாக, 1954 இலேயே, தோக்கியோவில் நாகானோ, கொஜிமா என்ற இருவர் முயல் தோலில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தார்கள். எழுதியது பிரெஞ்சில். அதிகம் பேர் கவனிக்கவில்லை.

சரி, குரங்கு வந்திருக்கிறது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? நம் செல்லுக்குள்ளும் ஆர்என்ஏ இருக்கிறது, வைரஸும் பெரும்பாலும் ஆர்என்ஏதான் கொண்டுவருகிறது. நம்முடைய தூது ஆர்என்ஏக்களின் தலையில் ஒரு தொப்பி மாட்டியிருக்கும். பல வைரஸ்களின் ஆர்என்ஏவுக்கு அந்தத் தொப்பி இருப்பதில்லை. மூன்று பாஸ்பேட்டுகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். ரிக்-ஐ என்ற புரதம் செல் முழுக்கச் சுற்றி, தொப்பியில்லாத தலைகளைத் தேடுகிறது. அகப்பட்டதும் ஓடிப்போய் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உட்கார்ந்திருக்கும் மாவ்ஸ் என்ற இன்னொரு புரதத்திடம் சொல்கிறது. இந்த மாவ்ஸை 2005 இல் நான்கு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டன. பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் பெயர் வைத்த மாதிரி, கொஞ்ச காலம் ஒரே குழப்பம். மாவ்ஸிலிருந்து செய்தி இரண்டு மூன்று கை மாறி நியூக்ளியஸுக்குப் போகிறது, இன்டர்ஃபெரான் ஜீன் திறக்கிறது, தட்டுச் சத்தம் வெளியே கேட்கிறது.

அடுத்த செல்லில் நடப்பதைப் பிள்ளைகளுக்கு எங்கள் மாமாவின் அலுவலகத்தை வைத்துத்தான் சொல்வேன். அவர் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்தவர். வாசலில் தபால் வந்தால் அது நேராகச் செக்ரட்டரி அறைக்குப் போய்விடாது. ஒருவர் வாங்குவார், ஒருவர் சீல் குத்துவார், சீல் விழுந்த ஃபைல் மட்டும் உள்ளே போகும். செல்லின் வெளிச்சவ்விலிருக்கும் ஏற்பி இன்டர்ஃபெரானை வாங்குகிறது. அதன் காலடியில் உட்கார்ந்திருக்கும் ஜாக் என்ற நொதிகள் பாஸ்பேட் சீலைக் குத்துகின்றன. சீல் வாங்கிய ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற புரதங்கள் ஜோடி சேர்ந்து, இன்னொரு துணையோடு நியூக்ளியஸுக்குள் நுழைகின்றன. ஜாக் என்பதற்கு முதலில் 'இன்னுமொரு கைனேஸ்' என்றுதான் அர்த்தமாம். அலட்சியமாக வைத்த பெயர். பின்னால்தான் இரண்டு முகம் கொண்ட ரோமானியக் கடவுளைச் சொல்லி மரியாதையாக மாற்றிக்கொண்டார்கள்.

உள்ளே நூற்றுக்கணக்கான ஜீன்கள் திறக்கின்றன. அவற்றிலிருந்து வரும் புரதங்களில் ஒன்று, வைரஸ் நுழையும் வாசலிலேயே தடுக்கப் பார்க்கும். இன்னொன்று செல்லின் புரதத் தயாரிப்பையே நிறுத்திவைக்கும்: எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம் என்கிற நிலை. மற்றொன்று ஆர்என்ஏவைக் கண்டபடி நறுக்கும். எல்லாம் சில மணி நேரத்தில் தயார். நாம் பெருமையாகப் பேசும் ஆன்டிபாடி வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீடு நிற்பது இந்தச் சத்தத்தால்தான்.

இவ்வளவும் புத்தகத்தில் படித்தது. சத்தத்துக்கு விலை உண்டு என்பதை மாமாவிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

1986 இல் திண்டிவனம் அருகே நடந்த ஒரு பேருந்து விபத்தில் மாமாவுக்கு நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஹெப்படைட்டிஸ் சி வைரஸையே உலகம் அடையாளம் கண்டது 1989 இல்தான். ஆகவே யார் மேலும் குற்றமில்லை. இருபது வருடத்துக்கு மேல் அது அவருடைய கல்லீரலில் சத்தமில்லாமல் குடியிருந்தது. சத்தமில்லாமல் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்த வைரஸிடம் ஒரு கத்தரிக்கோல் நொதி இருக்கிறது. அது நான் மேலே சொன்ன மாவ்ஸை மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெட்டிவிடுகிறது. தட்டுகிற கையை முதலில் பிடித்துக்கொள்ளும் குரங்கு.

2009 இல் வைத்தியம் ஆரம்பித்தது. உள்ளே எழாத சத்தத்தை வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பது என்று அதைச் சொல்லலாம். வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை. இந்தியாவில் அதிகம் காணப்படும் மூன்றாம் வகை வைரஸ் என்பதால் 24 வாரம் போதும் என்றார் டாக்டர். சாந்தினி சௌக் பகீரத் பேலஸ் மொத்த மருந்துச் சந்தையிலிருந்து ஊசியை வாங்கி வருவது என் வேலை. ஐஸ் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் வருவேன். சூடாகவும் கூடாது, உறைந்தும் போகக் கூடாது. கைக்குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊசி. சனி, ஞாயிறு படுத்துக் கிடந்தால் திங்கட்கிழமை அலுவலகம் போகலாம் என்று மாமா போட்ட கணக்கு. முதல் வெள்ளி இரவு பத்து மணிக்குப் பற்கள் கிட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார். ஜூன் மாதத்துத் தில்லியில் இரண்டு கம்பளி. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, கண்ணுக்குப் பின்னால் வலி, தலைவலி. அசல் ஃப்ளூ ஜுரம். ஆனால் அந்த வீட்டில் அன்று ஃப்ளூ வைரஸ் என்று ஒன்று கிடையாது. இருபது வருடமாக ஜுரம் தராத ஒரு வைரஸும், சுத்தமான ஒரு புரதமும்தான் இருந்தன.

நமக்கு வைரஸ் ஜுரம் வந்தால் 'கிருமி படுத்துகிறது' என்கிறோம். படுத்துவது பெரும்பாலும் நம் சொந்தத் தட்டுச் சத்தம். இன்டர்ஃபெரானோடு ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப் என்ற வேறு சில சமிக்ஞைப் புரதங்களும் ரத்தத்தில் ஏறும்போது மூளையின் அடியிலிருக்கும் ஹைப்போதலாமஸ், புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் வழியாக, உடம்பின் சூட்டு அளவை மேலே தள்ளி வைக்கிறது. 37 டிகிரியில் நன்றாக இருந்த உடம்புக்கு 39 தான் சரி என்று உத்தரவு வந்தால், அதற்குக் குளிரத்தானே செய்யும்? நடுங்கி நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறது. பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே மாமா அதைப் போட்டுக்கொண்டார். ஆரம்ப காலத்தில் மருத்துவர்களே இந்த ஜுரத்துக்கு ஊசி மருந்தின் அசுத்தம்தான் காரணம் என்று நினைத்தார்களாம். ஜீன் தொழில்நுட்பத்தில் தூய இன்டர்ஃபெரான் வந்த பிறகும் ஜுரம் வந்தது.

ஜுரம்கூடப் பரவாயில்லை. எட்டாவது வாரம் தாண்டியதும் மாமா பேச்சைக் குறைத்தார். கிருத்திகை தவறாமல் மலை மந்திர் படியேறுகிறவர், இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. தமிழ்ப் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. நோயை நினைத்துப் பயப்படுகிறார் என்று நாங்கள் முடிவு செய்து, ஆளுக்கொரு தைரியம் சொன்னோம். அத்தை மட்டும், "பயம்னா எனக்குத் தெரியாதா? இது வேற" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. இன்டர்ஃபெரான் வைத்தியத்தில் மன அழுத்தம் என்பது டாக்டர்கள் முன்கூட்டியே எதிர்பார்க்கும் பக்கவிளைவு. எங்களிடம் யாரும் முதலில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் 1988 இல் ஒன்று எழுதினார்: நோயுற்ற மிருகம் தீனி எடுக்காமல், ஒதுங்கி, சுருண்டு படுப்பது பலவீனம் அல்ல, உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. சக்தியை மிச்சப்படுத்திச் சூட்டுக்குக் கொடுக்கிறது. எங்கள் ஊரில் காய்ச்சல் கண்ட ஆடு மந்தையைவிட்டு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆட்டுக்கு நான்கு நாள். மாமாவுக்கு 24 வாரம் விடாமல் அந்த உத்தரவு போய்க்கொண்டிருந்தது.

கோவிட்டுக்குப் பிறகு தில்லியில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று பொடியும் லேகியமும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். எதிர்ப்புச் சக்தியை நிஜமாகவே ஏற்றிவிடும் ஊசி ஒன்று உண்டு, எங்கள் மாமா 24 வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டார். அதைக் கொடுத்தால் இந்தப் பொடி வாங்குகிறவர்கள் ஒரே இரவில் ஓடிவிடுவார்கள்.

என் முறை 2015 இல் வந்தது. அந்த வருடம் மழைக்காலத்துக்குப் பிறகு தில்லி முழுக்க டெங்கு. எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் எந்த வீட்டைக் கேட்டாலும் ஒரு பிளேட்லெட் எண்ணிக்கை சொன்னார்கள். ஆட்டுப் பால் விலை எங்கோ போனது. அம்மா நிலவேம்புக் கஷாயத்தோடு ஊரிலிருந்து ரயிலேறி வந்தாள். ஐந்தாம் நாள் ஜுரம் சட்டென்று இறங்கியது. அம்மா ரசம் வைத்தாள். டாக்டரிடம் சந்தோஷமாகச் சொன்னால், அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இனிமேல்தான் பார்க்க வேண்டும், வயிறு வலித்தால் உடனே வாருங்கள்" என்றார்.

டெங்குவில் ஆபத்து ஜுரம் உச்சத்தில் இருக்கும்போது வருவதைவிட, இறங்கிய பிறகுள்ள ஒன்றிரண்டு நாளில்தான் அதிகம் வருகிறது. அதற்குள் ரத்தத்தில் வைரஸ் குறைய ஆரம்பித்திருக்கும். ஆனால் சமிக்ஞைப் புரதங்களும், வைரஸ் வெளியே விட்ட என்எஸ்1 என்ற புரதமும் சேர்ந்து ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்திவிட, நீர் கசிகிறது. எல்லோரும் பிளேட்லெட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்த டாக்டர் என் ரத்தம் கெட்டியாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டியாகவில்லை. பிழைத்தேன்.

படுக்கையில் கிடந்தபோது படித்தது ஒன்று. டெங்கு வைரஸின் என்எஸ்5 என்ற புரதம், சீல் வாங்கி உள்ளே போக வேண்டிய ஸ்டாட்2-ஐப் பிடித்து அழித்துவிடுகிறது. தட்டுச் சத்தம் கேட்கும், ஆனால் ஃபைல் உள்ளே போகாது. மனித ஸ்டாட்2-வைத்தான் அதனால் அழிக்க முடியும். எலியின் ஸ்டாட்2-விடம் அதன் வித்தை பலிப்பதில்லை. அதனால் சாதாரண எலிக்கு டெங்கு சரியாக ஒட்டுவதே இல்லை. ஆராய்ச்சிக்கு வேண்டுமென்றால் இன்டர்ஃபெரான் ஏற்பியே இல்லாத, அதாவது பிறவிச் செவிட்டு எலிகளை வளர்க்கிறார்கள். மூன்றாம் நாள் ஜுரத்தில் எலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு நாடே பால்கனியில் நின்று தட்டைத் தட்டியபோது அத்தை ஃபோனில் கேட்டாள்: "எந்த மாடியில ஏட்டி குரங்கு?"

கொரோனா வைரஸ் அந்தச் சத்தத்தை ஆரம்பத்தில் அமுக்குவதில் கெட்டிக்காரன். சத்தம் தாமதமானால் வைரஸ் பெருகிவிடுகிறது. பிறகு எழும் சத்தமோ கட்டுக்கடங்காது, பக்கத்து வீட்டுக் கண்ணாடியையும் சேர்த்து உடைக்கிறது. 2020 இல் ஒரு சர்வதேசக் குழு கோவிட்டால் மோசமான நிமோனியா வந்த 987 பேரைச் சோதித்தபோது 101 பேரின் ரத்தத்தில் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். தொற்று வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள், தெரியாமலே. வயதானவர்களிடம் இந்த ஆன்டிபாடி அதிகம் என்பதையும் பிறகு கண்டார்கள்.

அப்படியென்றால் எல்லோருக்கும் இன்டர்ஃபெரான் கொடுத்துவிட்டால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சோதனையில் பயன் தெரியவில்லை. ஆனால் அறிகுறி தோன்றிய ஏழு நாளுக்குள், வீட்டில் இருக்கும்போதே, லாம்டா வகை இன்டர்ஃபெரான் ஒரே ஒரு ஊசி போட்டவர்களில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். 2023 இல் வந்த முடிவு இது, பெரும்பாலும் பிரேசில் நோயாளிகளிடம் செய்தது. வத்தல் தின்று முடித்த பிறகு தட்டி என்ன லாபம்?

ஸ்டீராய்டுக்கு இதே கணக்கு தலைகீழ். டெக்ஸாமெத்தசோன் சத்தத்தை அடக்கும் மருந்து. 2020 ஜூனில் பிரிட்டனில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனே இல்லை. 2021 ஏப்ரலில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முதல் நாள் ஜுரத்துக்கே அதைச் சாப்பிடச் சொல்லிச் சீட்டு சுற்றியது. 'இது இப்போது வேண்டாம், எதிரி வந்திருக்கும்போது தட்டைப் பிடுங்குகிற மாதிரி' என்று இந்தியில் நீளமாக எழுதிப் போட்டேன். யாரோ ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். அதற்கடுத்த செய்தி, ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்பது. அதன் பிறகு நான் அங்கே பாடம் நடத்தவில்லை. ஐஎல்-6 எவ்வளவு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி எவ்வளவு என்று நள்ளிரவில் எண்களை அனுப்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் தெரிந்த வரை பதில் எழுதினேன். அந்த மூன்று வாரங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

மாமாவுக்கு வருகிறேன். 24 வாரம் முடிந்து, இன்னும் ஆறு மாதம் காத்திருந்து எடுத்த பரிசோதனையில் வைரஸ் திரும்பி வந்திருந்தது. இன்டர்ஃபெரான் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. இரண்டாவது சுற்று ஊசிக்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த ஆளாக இன்னொரு தடவை இருக்க முடியாதும்மா" என்றார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

2016 இல் சோஃபோஸ்புவிர், டக்லாட்டாஸ்விர் என்ற மாத்திரைகள் கைக்கு எட்டும் விலையில் வந்தன. தினம் ஒரு வேளை, 12 வாரம். இவை பக்கத்து வீட்டை எழுப்புவதில்லை. வைரஸ் தன் ஆர்என்ஏவை நகலெடுக்கும் இயந்திரத்தில் நேராகப் போய்க் கை வைக்கின்றன. 12 வாரத்தில் வைரஸ் போனது, போனது திரும்பவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது முதல் நாள் ராத்திரிதான். சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டார். தலைமாட்டில் இரண்டு கம்பளி, பாராசிட்டமால், ஒரு செம்பு வெந்நீர், தெர்மாமீட்டர். அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளை இரண்டு பேரும் மறந்திருக்கவில்லை.

காலை ஆறரைக்கு எனக்கு ஃபோன்.

"ஏம்மா, ராத்திரி முழுக்க முழிச்சுப் பார்த்தேன். ஒண்ணுமே ஆகலையே. உடம்பு லேசாக்கூடச் சுடலை. கடைக்காரன் போலி மருந்தைக் கொடுத்துட்டானோ?"